அண்ணன் சட்டை

“ஏம்மா, நோயாளிக்கு உதவி பண்ண வந்தியா, இல்ல உன் வீட்டு வேலையை நோயாளி தலையில கட்ட வந்தியா?”

வார்டு சிஸ்டர் போட்ட சத்தத்தில் எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

ஜன்னலோரக் கட்டிலில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீலச் சட்டை. பக்கவாதம் வந்து பாதிதான் தேறியிருந்த வலது கையில் ஊசி நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்து ஸ்டூலில் அந்தக் கல்லூரிப் பெண், கையைக் கட்டிக்கொண்டு சவுகரியமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாரி சிஸ்டர். எங்க அண்ணன் சட்டை. பட்டன் விட்டுப்போச்சு.”

“போன சனிக்கிழமையும் பட்டன்தானாமே? அதுக்கு முந்தியும் பட்டன்தானாம். உங்க அண்ணன் சட்டையைக் கழட்டுறானா, கிழிக்கிறானா?”

“அவன் கொஞ்சம் அவசரக்காரன், சிஸ்டர்.”

சனிக்கிழமை தோறும் கல்லூரிப் பிள்ளைகள் சேவை செய்ய வருவார்கள். ஒருத்தன் சக்கர நாற்காலி தள்ளுவான். ஒருத்தி, கண்ணில் கட்டுப் போட்டவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். இவள் முதல் நாளே கடைசியாக வந்து நின்றாள். “எனக்கு ஏதாவது வேலை குடுங்க சிஸ்டர்” என்று கேட்டாள்.

“எல்லா வேலைக்கும் ஆள் போட்டாச்சே. வேணும்னா டெய்லர்கிட்டப் போய்ப் பேசிக்கிட்டிரு. அவர் பேச மாட்டார். நீயே பேசு” என்று அனுப்பி வைத்தது சிஸ்டர்தான்.

டெய்லர் அப்போது யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தார். விரலுக்குப் பயிற்சி என்று கொடுத்த ரப்பர் பந்தை எதிர்க் கட்டில் வரைக்கும் விட்டெறிந்தவர். “பந்து விளையாட நான் என்ன பச்சப் புள்ளையா? இனிமே இந்தக் கையால ஒரு தையல் போட முடியுமா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“மெஷினை யாருக்காவது குடுத்துடுன்னு சொல்றாரு சிஸ்டர்” என்று அவர் மனைவி வராந்தாவில் நின்று அழுதாள்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய்ச் சட்டையை நீட்டியிருக்கிறாளே, சரியான கல்நெஞ்சுக்காரி என்று சிஸ்டருக்கு வயிறு எரிந்தது.

“விடுங்க சிஸ்டர்” என்றார் டெய்லர். வாய் இன்னும் லேசாகக் குழறியது. “இவளுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியல. முதல் வாரம் இங்க உக்காந்து நூலை எச்சில் பண்ணிப் பண்ணியே பாதியைத் தீத்துட்டா. பார்க்கச் சகிக்காம நான்தான் பிடுங்கினேன். அண்ணனும் தங்கச்சியும் துணிக்குன்னே பொறந்த எமனுங்க.”

“நீங்க சும்மா இருங்க. அந்தக் கையில ஊசி குத்தினா உங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

டெய்லர் நிதானமாக முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்து அறுத்து, சட்டையை ஒரு உதறு உதறி நீட்டினார்.

“அடுத்த வாரம் உங்க அண்ணனையும் கூட்டிட்டு வா. பட்டனை எப்படிக் கழட்டுறதுன்னு சொல்லித் தர்றேன்.”

“சரி மாமா” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமாவது, வருவதாவது. இவளை இன்றோடு நிறுத்திவிடுவது என்று சிஸ்டர் முடிவு கட்டினாள். மிச்சமிருந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டுவிட்டு அவளைத் தேடிப் போனாள்.

மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். மடியில் அதே நீலச் சட்டை. டெய்லர் இப்போதுதான் தைத்துக் கொடுத்த பட்டனைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகி இழுத்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, திட்ட வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்போ... உங்க அண்ணன்?”

“எனக்கு ஏது சிஸ்டர் அண்ணன்? இது எங்கப்பா சட்டை. மாமாகிட்டச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்தப் பந்தை மாதிரி இதையும் தூக்கி எறிஞ்சுடுவார்.”

சிஸ்டர் அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா? எல்லார் முன்னாலயும் திட்டிட்டேனே.”

“எப்படிச் சொல்றது? அவரும் அங்கதானே இருந்தார்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “சிஸ்டர், உங்ககிட்ட கத்திரிக்கோல் இருக்குமா?”

“எதுக்கு?”

“முதல் வாரம் அவர் தெச்ச பட்டன், தொட்டதுமே கையோட வந்துடுச்சு. போன வாரம் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.” சிவந்துபோன விரலைக் காட்டிச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. “இன்னைக்கு என்ன இழுத்தாலும் வரமாட்டேங்குது, சிஸ்டர்.”