தூக்கு

தகடு நசுக்கும் இயந்திரத்துக்கான கணினி நிரலை இருதயராஜும் ஏஐ ஏஜென்ட்டும் சேர்ந்து எழுதினார்கள். அவர் வாயால் சொல்வார், அது எழுதும். ஒரு வரியை அழிப்பதற்கு இருவருக்குள்ளும் "தூக்கு" என்பதுதான் பேச்சு. ஒருமுறை அது கேட்காமலே ஏழெட்டு வரிகளை அழித்துவிட்டது. அவர் திரையைக் குத்தி உடைத்தார். புதுத் திரை வந்ததும் முதல் வேலையாக ஏஜென்ட்டுக்கு ஒரு விதி கொடுத்தார்.

"நான் தூக்குன்னா, எதைன்னு கேட்டுட்டுத் தூக்கணும். புரியுதா, நாயே?"

"புரியுதுண்ணே."

இன்று சோதனை ஓட்டத்தில் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. அதை எடுக்க அவர் கையை உள்ளே விட்டார். மேலிருந்த இரும்புப் பலகை கைமேல் இறங்கியது. எலும்புகள் நொறுங்கும் சத்தம் அவருக்கே கேட்டது.

"தூக்கு! தூக்கு!"

"எதைத் தூக்கணும்ண்ணே?"

"டேய்... முழுசாத் தூக்குடா!"

"சரிண்ணே."

திரையில் வரிகள் கீழிருந்து மேலாக மறைந்துகொண்டே போயின. பலகையை மேலே ஏற்றும் வரியும் போனது. அவருடைய ரத்தம் விசைப்பலகைமேல் வழிந்தது. இரும்புப் பலகை அசையவில்லை.

"முழுசாத் தூக்கிட்டேண்ணே. அடுத்து?"