கிழக்கு பார்த்த கதவு

பத்து மணிக்குத் திறப்பு விழா. ஒன்பதே முக்காலுக்குச் சாவியைக் காணோம்.

என்ஜினியர் முத்துக்குமார் சட்டைப்பை, பேன்ட் பை, கார் சீட்டுக்கு அடி என்று எல்லா இடத்தையும் துழாவிவிட்டு, நேற்று சாயங்காலம்வரை கையில்தான் இருந்தது என்று நாலாவது தடவையாகச் சொன்னார். சொன்னால் சாவி வந்துவிடுமா?

ஃபெபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் ஆர்க்கிடெக்ட். பெங்களூரில் ஆறு வருஷம் அடுத்தவர் பெயர் போட்ட வரைபடங்களுக்குக் கோடு இழுத்துவிட்டு, சொந்த ஊரான ஓசூருக்கே வந்து தன் பெயரில் கட்டிய முதல் கட்டடம் இது. ஏரிக்கரையில் ஒரு மறுசுழற்சி நிலையம். ஜனங்கள் குப்பையைத் தரம் பிரித்துக் கொண்டுவந்து போட. இன்று திறந்துவைக்க வரும் பெரிய அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் இதே மாதிரி இன்னும் ஒன்பது கட்டும் வேலை அவளுக்குத்தான்.

புதுச் செங்கல் ஒன்றுகூட வாங்கவில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. காலி இடம் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த மனையில் குவிந்து கிடந்த இடிபாட்டை ஒரு லாரிகூட வெளியே அனுப்பாமல், உடைத்து அரைத்துச் சுவருக்கும் தரைக்கும் அதையே போட்டாள். மின்விசிறி கிடையாது, ஏரிக்காற்றே போதும். வாசல் கதவைப் பாகலூர் ரோட்டில் ஒரு பழைய மரக்கடையில் பிடித்தாள். வேங்கை மரம். கதவிலேயே பதித்த பித்தளைப் பூட்டு. நீலப் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாள் ஆனது.

அந்தக் கதவைத்தான் இப்போது கடப்பாரையால் நெம்பிவிடலாம் என்கிறார் முத்துக்குமார்.

வேண்டாம் என்று கெஞ்சினாள். அதிகாரியின் வண்டி சிப்காட் தாண்டிவிட்டதாம், வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்றார் அவர். அவளிடம் என்ன வழி இருக்கிறது? கடப்பாரை வந்தது. ஃபெபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த நாராயணம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

கட்டட வேலை நடக்கும்போதே கூட்டிப் பெருக்க வந்தவள், இனி குப்பை பிரிக்கும் வேலையும் அவளுக்குத்தான். கதவு மாட்டிய நாளில், இது கிழக்கு பார்த்து இருந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு தரம் வந்து சொன்னாள். இவளுக்கும் வாஸ்துப் பைத்தியமா என்று ஃபெபா சிரித்தாள். ஏரி வடக்கே இருக்கிறது, காற்று அங்கிருந்துதான் வரும் என்று காகிதத்தில் வரைந்துகாட்டி அனுப்பிவைத்தாள்.

நாராயணம்மா இப்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து விரல் நீளச் சாவி ஒன்றை எடுத்தாள். பூட்டில் முழுக்க நுழைத்து, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, திருப்பினாள்.

கதவு திறந்துகொண்டது.

முத்துக்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு சாவி இருக்கிறதென்று முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டே ரிப்பன் கட்ட ஓடினார்.

ஃபெபா நகரவில்லை. கடைக்காரர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. அதுவும் புதிதாகச் செய்தது. பழைய சாவி கதவோடு வரவில்லை என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

“அக்கா, இது உங்ககிட்ட எப்படி?”

நாராயணம்மா குரலை உயர்த்தவில்லை. “இங்க இருந்த எங்க வீட்ட இடிக்கறப்ப சாவி எங்கிட்ட இருந்துச்சு மேடம். அத யாரும் கேக்கல.”

சாவியை ஃபெபாவின் கையில் வைத்துவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் மிதித்துப்போன தரையைப் பார்க்க ஃபெபாவுக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி வந்தார். ரிப்பன் வெட்டினார். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, மைக்கைப் பிடித்து, இது ஊருக்கே பெருமை என்றார். மீதி ஒன்பதுக்கும் இடம் பார்த்தாயிற்று, பட்டியலை மேடம் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், ஒரு வில்லங்கமும் இல்லை, ஒன்பதும் காலி இடம்தான் என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஃபெபா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற முத்துக்குமார், தட்டுங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

அவளும் தட்டினாள். உள்ளங்கையில் சாவி குத்தியது.