கடையில் வாங்கிய பூ

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா, லில்லிப் பூவை வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. காலையிலிருந்து ஆபரேஷன் மேல் ஆபரேஷன். நடுவில் ஒரு நாய் வேறு கையைப் பதம் பார்த்துவிட்டது. கிளினிக்கை மூடிவிட்டு ஒரு வாய் சாப்பிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான், தையல்காரம்மா பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

பூனை மேஜையில் சுருண்டு கிடந்தது. வாயோரம் எச்சில், மூக்கில் மஞ்சள் தூள். வரும் வழியிலேயே வாந்தி எடுத்ததாம். அது கடித்த பூவையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். இந்த மட்டுக்கும் புத்தி இருக்கிறதே என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"எப்ப கடிச்சுது?"

"இப்பதான் சார். தைச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா மூஞ்சி பூரா மஞ்சள்."

இந்தப் பூவின் இதழ், இலை, அந்த மஞ்சள் தூள், ஜாடியில் இருக்கும் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம் என்று டாக்டர் ஆரம்பித்தார். கிட்னியைத்தான் முதலில் பிடிக்கும். உடனே டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட்டினால் பிழைக்க வழி உண்டு. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டார். சுவரில் எழுதிக்கூட ஒட்டிப் பார்த்தார். யார் படிக்கிறார்கள்?

கவுன்ட்டரில் இருக்கும் பெண்தான் உதவிக்கும். அவள் பூனையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் முன்னங்காலில் நரம்பு தேடினார். நூல் மாதிரி நரம்பு. ஊசி உள்ளே போனதும் நழுவிவிட்டது.

"பெரிய பூனை போன துக்கமே இன்னும் ஆறியிருக்காது. அதுக்குள்ள இதையும் வாரிக் குடுக்கணுமா?"

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"யாராவது குடுத்த பூவா?"

"இல்ல சார். கடையில வாங்கினேன்."

"நல்லா இருக்கு. காசு குடுத்து விஷத்தை வாங்கி வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று தையல்காரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணில் ஒரு சொட்டு தண்ணீர்கூட இல்லை. டாக்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன நெஞ்சழுத்தம் இந்தம்மாவுக்கு என்று கவுன்ட்டர் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளியில உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். அவள் போனதும் ஈரப் பஞ்சை எடுத்துப் பூனையின் மூக்கைத் துடைத்தார். "இதைத் துடைச்சுட்டு அடுத்த கால்ல பார்க்கறேன். நீ ஒரு நிமிஷம் போய் எந்தக் கடைன்னு கேட்டுட்டு வா. போன் போட்டுச் சொல்லிடுவோம். இன்னிக்கு இன்னும் எத்தனை பூனை வீட்டுக்குப் போகுதோ இந்தப் பூ."

தையல்காரம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தக் கடையில வாங்கினீங்க? நம்பர் இருந்தா குடுங்க." பெண் வேண்டா வெறுப்பாகத்தான் கேட்டாள்.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"நம்பர் உன்கிட்டயே இருக்கும்மா."

"என்கிட்டயா?"

"பெரியவ செத்ததுக்கு இங்கேர்ந்து பூங்கொத்து அனுப்பினீங்களே, அதுல இருந்ததுதான். வந்தப்ப மொட்டு. இன்னிக்குக் காலையிலதான் விரிஞ்சுது."

இங்கே வைத்தியம் பார்த்த பிராணி எது இறந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு பூங்கொத்து போகும். டாக்டர் ஆசையாக ஏற்படுத்திய வழக்கம் அது. பூக்கடைக்குப் போன் செய்வது இந்தப் பெண்ணின் வேலை. இன்ன பூ என்று டாக்டர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. வெள்ளையாக ஏதாவது அனுப்புங்கள் என்பாள், அவ்வளவுதான்.

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"லில்லின்னு பேரைத்தான் கேள்விப்பட்டிருக்கேன். பூ எப்படி இருக்கும்னு தெரியாது. டாக்டர் ஆகாதுன்னு சொன்னதுக்காக வீட்டுல இருந்த கற்றாழை, மணி பிளான்ட் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டவ நான். இது டாக்டர்கிட்ட இருந்து வந்த பூவாச்சே, இதுல என்ன வந்துடப் போகுதுன்னு ஜன்னல்ல வெச்சேன்."

"அப்புறம் ஏம்மா கடையில வாங்கினேன்னு சொன்னீங்க? அவ்வளவு பேச்சு வாங்கிக்கிட்டு நின்னீங்களே." பெண் எழுந்தாள். "இருங்க, நான் போய்ச் சொல்லிடறேன். தப்பு எங்க மேலதான்."

எழுந்தவளின் கையைத் தையல்காரம்மா விடவில்லை.

"இப்ப வேண்டாம்மா. தெரிஞ்சா மனுஷன் கலங்கிப் போயிடுவார். சின்னவளுக்கு இன்னும் நரம்பு கிடைக்கல. அவர் கை நடுங்கக் கூடாது."