தனியாக ஒரு படம்

திரும்பினாள்.

இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார் மாமனார். இன்னும் கொஞ்சம் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் இடிந்த கோட்டைச் சுவர். அதற்கும் மேலே கூரை போன ஒரு மண்டபம். அவர் செல்போனை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

எதற்கு இதெல்லாம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

காலையில் அத்தை ஆம்பூருக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனதுமே, அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சுற்றுலா வேனில் இரண்டு சீட்டு சொல்லி வைத்திருக்கிறாராம். கோட்டை, மூடிப்போன தங்கச் சுரங்கம், மலை உச்சி. பொழுது சாய்வதற்குள் ஜோலார்பேட்டை திரும்பிவிடலாம்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, நல்ல கலரில் ஒரு புடவை கட்டிக்கொள்ளச் சொன்னார்.

அவள் புருஷன் மோகனவேல் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் தணிகாசலம் மருமகளிடம் பேசியதெல்லாம் காபி, கரண்ட் பில், கதவைச் சாத்தியாயிற்றா, அவ்வளவுதான். அந்த வீட்டில் பேச்சு என்பது அத்தையின் பேச்சு. தன் பிள்ளை விட்டுப்போனது சசிரேகா ஒருத்தியைத்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தன் கண் மூடும்வரை இவளை எங்கும் அனுப்ப மாட்டேன் என்பாள். அப்போதெல்லாம் மாமனார் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

அதனால் வேனில் ஏறும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஜெகதீசன் அவளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டு, அவள் சரி என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். தனியாகக் கூட்டிப்போய்க் கேட்கப் போகிறார்.

கோட்டையில் கேட்கவில்லை.

சுவரோரம் ஒரு படம். படிக்கட்டில் ஒரு படம். அவரையும் ஒன்று எடுப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

சுரங்கத்திலும் கேட்கவில்லை.

கம்பி வேலிக்கு அப்பால் துருவேறிய இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் எப்போதோ நின்றுபோன சக்கரம். வேனில் வந்தவர்கள் எல்லோரும் வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். அவளை நிறுத்தினார். பின்னால் நின்ற குடும்பத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

படத்தில் வேறு யாரும் விழக்கூடாதாம்.

கேட்டால் என்ன சொல்வது? மூட்டையைக் கட்டு என்பாரா, எங்களை விட்டுப் போகாதே என்பாரா? இரண்டில் எதைத் தாங்க முடியும் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு என்ன அர்த்தம்?

மலை உச்சியில் காற்று புடவையை இழுத்தது. கம்பித் தடுப்புக்குக் கீழே பாறைச் சரிவு. அதற்கும் கீழே வற்றிய ஏரியும் கடலைக் கொல்லைகளும். அவர் மறுபடி போனை எடுத்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

அவளால் முடியவில்லை. எதற்கு இத்தனை படம் என்று கேட்டே விட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவர் போனைத் தாழ்த்தினார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார். திருப்பத்தூரில் ஒரு இடம் வந்திருக்கிறதாம். பையனுக்கும் இரண்டாவதுதானாம், நல்ல குடும்பமாம். பெண்ணுடைய போட்டோ கேட்டார்களாம். அத்தை தூங்கும்போது பீரோவிலிருந்த ஆல்பத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தாராம்.

"உன் போட்டோ எல்லாத்துலயும் அவன் இருக்கான்மா."

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தும் பார்த்தாராம். வெட்ட மனசு வரவில்லையாம்.

காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இதற்கல்ல.

"போட்டோ வேணாம் மாமா."

அவர் முகம் சுருங்கிப்போனது. போனைச் சட்டைப் பையில் போட்டார். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று காற்றிடம் சொல்வதுபோல் முணுமுணுத்தார்.

"அதில்ல மாமா. ஒருத்தர் இருக்கார். எங்க ஆபீஸ்லதான்."

இப்போது விழித்தது அவர்தான். அவளைப் பார்த்தார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பாறையில் மெதுவாக உட்கார்ந்தார்.

பிறகு பேர் கேட்டார். சொன்னாள். குடிப்பானா என்று கேட்டார். மாட்டார் என்றாள். அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பையிலிருந்த போனை வெளியே எடுத்தார். எடுத்தது எதற்கென்று மறந்தவர்போல மறுபடி உள்ளே வைத்தார்.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தையிடம் இவர் எதையாவது சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

வேன் வளைந்து வளைந்து இறங்கியது. பின் சீட்டில் யாரோ பாடினார்கள், யாரோ கைதட்டினார்கள். ஊர் நெருங்கியபோது அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண் முன் சீட்டின் முதுகிலேயே நிலைத்திருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உதடு நின்றது.

இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.