சோளச் சக்கையின் சர்க்கரை

சோதனைக் குழாயை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

எடுக்காமலே குனிந்து பார்த்தாள். வெப்பப் பெட்டிக்குள் இருட்டு.

குழாயில் தண்ணீர் தெளிந்திருந்தால் உள்ளே எல்லாம் செத்துவிட்டது. கலங்கியிருந்தால் உயிர் இருக்கிறது.

மகள் நறுமுகை பால்குடிப் பிள்ளையாக இருந்தபோது, அவளுடைய மலத்திலிருந்து எடுத்து வளர்த்த நுண்ணுயிர்கள் அவை. குழந்தைக் குடலில் குடியிருக்கும் நல்ல ஜீவன்கள். “ஆராய்ச்சிக்கு ஊட்லயே ஒரு புள்ளையப் பெத்து வெச்சிருக்கறா பாரு” என்று லேபே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

போன ஆடியில் காய்ச்சல் கண்டு குழந்தை போய்விட்டது.

அந்தச் சின்ன உடம்பில் உயிரோடு இருந்தவற்றில் மிச்சம், லேப் ஃப்ரீசரில் ஒரே ஒரு சிமிழ்.

அதற்கும் வந்தது வினை. ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். சீரியல் லைட் போட பிளக் பாயிண்ட் பற்றவில்லை. லேபுக்குத் தலைவரான சண்முகவடிவு மேடமே ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி மாட்ட மறந்தார். கும்பிட்டுவிட்டு எல்லோரும் லீவில் போனார்கள்.

திரும்பி வந்து திறந்தால், உள்ளே எல்லாம் உருகி வெதுவெதுத்துக் கிடந்தது.

அவள் யாரையும் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? நேரே போய் மக்காச்சோளச் சக்கையை எடுத்தாள்.

மணி உதிர்த்ததும் அடுப்புக்குப் போகிற சக்கைதான். அதைப் பொடித்து, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்க்க ஊற்றி, லேபின் பெரிய குக்கரில் வேகவைப்பது அவள் ஆராய்ச்சி. வீரியமான அமிலம் என்றால் நார் கரிந்து பாழாய்ப்போகும். இந்தப் புளிப்பு, நாரைப் பதமாகத் தளர்த்தி, குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகளாகக் கழற்றிவிடும். நம் வயிறு அதைச் செரிக்காது. அந்த ஜீவன்கள் தின்னும்.

வேறு சர்க்கரை போட்டால் கண்ட கிருமியும் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒன்றிரண்டாவது பிழைத்திருக்காதா என்ற நப்பாசையில், சிமிழில் இருந்ததை இதில் விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்திருந்தாள்.

இனியும் தள்ளிப்போட முடியாது. குழாயை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அடேயப்பா!

அடி முதல் மேல் வரை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கல்.

நம்ப மாட்டாமல் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கவட்டை கவட்டையாய்க் கிளைத்த குச்சிகள். அவையேதான். கண்ணுக்கு எட்டிய வரை அவைதான். யாரோ வேண்டாமென்று போட்ட சக்கையைத் தின்று, இத்தனை கோடி! அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. என் பிள்ளை வயிற்றில் இருந்தீர்களே, என் பிள்ளை வயிற்றில் இருந்தீர்களே என்று மனசு அரற்றியது.

பார்த்து முடித்த குழாய்களைக் குக்கரில் ஏற்றிக் கொன்றுவிட வேண்டும் என்பது லேப் சட்டம். அதற்கென்று மேசை ஓரத்தில் ஒரு கூடை. கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே, வருஷக்கணக்கான பழக்கத்தில், அவள் கை குழாயை அந்தக் கூடைக்குக் கொண்டுபோனது.

ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

சண்முகவடிவு. சட்டத்தில் ஒரு நூல் பிசகினாலும் கத்துகிற மனுஷி. ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனவர். இப்போது பிடித்த பிடியை விடவில்லை.

“கொல்ற கூடைல போட்றாத கண்ணு. வேற டியூப்புக்கு மாத்திரு. இதுல தீனி தீந்திருக்கும். பசிக்குமல்ல?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், சக்கை மூட்டையை அவிழ்த்தாள்.