காலிப்பர் காட்டிய அளவு

மொன்டானாவில் மான் வேட்டை தொடங்கிய காலை. கேரிக் தன் பட்டறையில், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்புவதற்காக ஒவ்வொன்றாகக் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்துகொண்டிருந்தான்.

“கடையிலயே வாங்கலாமே மாமா?” என்றான் மனைவியின் தம்பி லைல்.

“கடைத் தோட்டாவ எவன் நம்புவான்? கூடு மயிரிழை நீண்டாலும் துப்பாக்கி மூஞ்சிலயே வெடிக்கும் மாப்ள. நான் அளந்தா அளந்ததுதான்.”

லைல் சிரித்தபடி காலிப்பரைப் பிடுங்கி, எதையும் இடையில் வைக்காமல் அதன் தாடைகளை மூடினான். “பூஜ்யம்தானே காட்டணும்? அதுக்கும் கீழ காட்டுதே! அப்ப நீங்க அளந்ததெல்லாம் நிஜத்துல இன்னும் நீளம்.”

கேரிக் காலிப்பரைத் திரும்ப வாங்கித் தானும் மூடிப் பார்த்தான்.

“திரும்ப அளந்துட்டாப் போச்சு. இதுக்கா மூஞ்சி வெளுக்குது? அக்காவ காபி போடச் சொல்லுங்க.”

“நேத்து இதுலயே அளந்து நிரப்பின இருபது தோட்டாவையும் எடுத்துக்கிட்டு அவ விடியும்போதே மலைக்குப் போயிட்டாடா. அங்க சிக்னல் கிடையாது.”

மலையில் ஒரு வெடி கேட்டது.

அவள் நலமென்று சொல்லும் இரண்டாவது வெடிக்காக இருவரும் காத்திருந்தார்கள்.