வெந்நீரில் போன முட்டைகள்

அப்புசாமி சொல்லும் இந்தக் கதையைப் பல வருஷங்களாகவே நான் சந்தேகித்து வருகிறேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் வரி மாறாமல்தான் சொல்கிறார். கேட்கக் கேட்க அவர் கோபம் எனக்கும் தொற்றிக்கொள்ளும். வீட்டுக்குப் போன பிறகு ஏதோ ஒன்று இடிக்கும்.

கொல்லங்கோட்டில் அவர் அலங்கார மீன் பண்ணை வைத்திருக்கிறார். நான் மீன் தீவனம் விற்பவன். போன வாரம் தீவனத்தோடு போனபோது, கையில் ஒரு மனுவோடு நின்றார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்த வனிதா மறுபடியும் இங்கயே மீன்வளத்துறை ஆபீசரா வர்றாளாமா. வர விடக் கூடாதுங்க."

"குமுளியிலதானே இருந்தாங்க?"

"புருஷனுக்குக் கிட்னி போயிருச்சாமா. பாலக்காட்டுல டயாலிசிஸ். கூட இருந்து பாத்துக்கோணும்னு மாத்தல் கேட்டிருக்கறா. எதுக்கு விடோணும்? என்ற வயிறு எரிஞ்சப்ப அவ பாத்தாளா? மீன் பண்ணைக்காரங்க அத்தனை பேரும் போட்டாச்சு. நீங்கதான் பாக்கி."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். கதை ஆரம்பமாகிவிட்டது.

வெளிநாட்டுச் சிநேகிதர் ஒருவர் அவருக்குக் கில்லி என்கிற அலங்கார மீனின் முட்டைகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். ஈரமான நார்த்தூளில் புதைத்து வைத்த முட்டைகள். பார்த்தால் தேயிலைச் சக்கை மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்; காலம் வந்து தண்ணீர் ஊற்றினால் பொரிந்துவிடும். அனுமதி எதுவும் வாங்கவில்லை. உறைமேல் தேயிலை என்று எழுதி வந்தது.

"ஞாயித்துக்கிழமைங்க. ஒத்தையா ஸ்கூட்டர்ல வந்து நிக்கறா. 'பார்சல் எங்கே?'ங்கறா. 'என்ன பார்சலுங்க?'ன்னேன். 'நடிக்காதீங்க'ன்னு ஊட்டுக்குள்ளயே பூந்துட்டா. வெளிநாட்டு மீனுக்கு முன்னாடியே பர்மிட் வாங்கோணுமாம், நோய் இல்லைன்னு அந்த நாட்டுச் சான்று வேணுமாம், வந்ததும் தனியா வெச்சுப் பாக்கோணுமாம். 'அம்மிணி, இது மீனே இல்லீங்க, வெறும் முட்டை'ன்னேன். 'முட்டைக்கும் அதே சட்டந்தான்'ங்கறா. 'அப்ப நாளைக்கு ஆம்லேட்டுக்கும் பர்மிட் கேப்பீங்களா?'ன்னு கேட்டுப்புட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"அவளா? 'முட்டையோட வர்ற நோய் உங்க தொட்டியோட நிக்குமா? மழைக்குத் தொட்டி வழிஞ்சா ஊர்க்குளத்து மீனெல்லாம் செத்து மிதக்கும். அப்ப வந்து ஜோக்கடிங்க'ன்னு கத்தறா. அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பாக்குது. என்ற சம்சாரம் ஆனந்தி சோத்துக்கு ஒலை வெச்சிருந்தா. இந்த வனிதா அந்தக் கொதிக்கற தண்ணியை எடுத்து, என்ற கண்ணு முன்னால அத்தனை முட்டை மேலயும் ஊத்தினா பாருங்க! பச்சத்தண்ணி ஊத்தினா உசுரு வர்ற பொருளுங்க அது. உறையை அடுப்புல போட்டா. ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாதுன்னு தொட்டி தொட்டியாப் பாத்துட்டுத்தான் போனா. ராட்சசி!"

மனுவைச் சுருட்டித் தொட்டி விளிம்பில் ஓங்கி அடித்தார். எனக்கும் அந்த அம்மாள் மேல் ஆத்திரம் வந்தது.

வழக்கமாகக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு நான் விடவில்லை.

"கேஸ் எழுதினாங்களா?"

"எதை வெச்சு எழுதுவா? முட்டைதான் வெந்து போச்சே!" அப்புசாமி முதல்முறையாகச் சிரித்தார். "அதுக்கப்புறந்தானுங்க கூத்து. மறுநாள் விடிஞ்சும் விடியாம மேலிடத்துல இருந்து ஒரு ஜீப்பு வந்துச்சு. தொட்டியெல்லாம் கலக்கறானுக, அரிசி டப்பாவைக்கூடக் கொட்டிப் பாக்கறானுக. என்ன கெடைக்கும்? போகும்போது, 'நம்ம ஆளுதான் யாரோ முந்தியே சொல்லியிருக்கு'ன்னு மலையாளத்துல அவனுகளுக்குள்ளயே சண்டை!"

"முட்டை சிக்கியிருந்தா?"

"பண்ணைக்கு சீல் வெச்சிருப்பானுக. நான் உள்ள போயிக் களி தின்னிருப்பேன். என்னமோ என்ற ராசி, தப்பிச்சேன்."

"வனிதாம்மா?"

"அந்த மாசமே குமுளிக்குத் தூக்கியடிச்சுட்டாங்க. சாமி இருக்குதுங்க! சரி, பேச்சு வளர்த்தாதீங்க. இந்தாங்க, போடுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறக்க மனசு வரவில்லை.

"ஏனுங்க அப்புசாமி, அந்தம்மாவை எந்தக் குத்தத்துக்குங்க குமுளிக்குத் தூக்கினாங்க?"